ஒவ்வொன்றாகக் கேட்டவன்

டீ வேண்டாம் சார், தண்ணீர் போதும். டீ குடித்தால் நான் நிறுத்தாமல் பேசுவேன் என்று வீட்டில் ஒரு பெயர் உண்டு. இன்று அளவாகப் பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் கூப்பிட்டு வரவில்லை, ஸ்டேஷனுக்கு நானாக வந்தேன். அதைக் குறித்துக்கொண்டால் நல்லது.

என் தங்கையின் கணவர் தவறு தன்னுடையதுதான் என்று உங்களிடம் எழுதிக்கொடுத்திருக்கிறாராம். அதைப் பற்றித்தான் பேச வேண்டும். அவரை எங்கள் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சேர்த்துவிட்டதே நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அப்படி. வயதில் எனக்குச் சின்னவர், வேலையில் எனக்குக் கீழே. ஆனால் வீட்டு மாப்பிள்ளை என்பதால் 'வாங்க, போங்க' என்றுதான் பேச வேண்டும். அலுவலகத்திலும் அதுவே பழகிவிட்டது. ஒருவர் கீழே வேலை பார்க்கும்போதே மேலே உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வேலை உங்களுக்குப் புரியாமல் போகாது. நோயாளிக்கு ரத்தம் தேவைப்பட்டு எங்களிடம் இருப்பு இல்லையென்றால், நர்ஸ் கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவார். எங்கள் சர்வர் சுற்று வட்டாரத்து ரத்த வங்கிகளின் சர்வர்களிடம் அந்த வகை ரத்தம் இருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும். அந்த புரோகிராமை எழுதியவன் நான். முதல் வங்கியிடம் கேட்கும், பதில் வரும்வரை காத்திருக்கும், வந்த பிறகுதான் அடுத்த வங்கிக்குப் போகும். பதறிய காரியம் சிதறும் என்பது என் கொள்கை. நர்ஸ்கள் அதற்கு 'ஆமை' என்று பெயர் வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்திவிட்டு, சந்தேகமென்றால் அவர்களே வங்கிகளுக்குப் போனும் போட்டுப் பார்ப்பார்கள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

மாப்பிள்ளை வந்த சூட்டில் அதைத் திருப்பி எழுதினார். எல்லா வங்கிகளுக்கும் ஒரே நேரத்தில் கேள்வியை அனுப்பிவிடுவது, எது முதலில் பதில் சொல்கிறதோ அதை முதலில் வாங்கிக்கொள்வது. சில நொடிகளுக்குள் பதில் சொல்லாத வங்கிக்கு நேரே மஞ்சள் நிறத்தில் 'பதில் வரவில்லை, போன் செய்து கேட்கவும்' என்று காட்டுவது. பொத்தானை அழுத்திக் கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிடும். தலைமை நர்ஸ் எங்கள் அறைக்கே வந்து, "இப்பதாம்பா இது ஒரு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றார். எங்கள் மேலாளர் என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷமா உங்களுக்கு இது ஏன் தோணல?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை.

மாப்பிள்ளைதான் குறுக்கே வந்தார். "மச்சான் போட்டு வெச்ச அஸ்திவாரம் சார். நான் சும்மா பெயின்ட்தான் அடிச்சேன்."

அவர் என்னை மட்டம் தட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்தப் பரிவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது சார். வேறு நாகரிகமான வார்த்தை இருந்தால் நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டிலும் அதே பேச்சு. அம்மா அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். "நம்ம மாப்பிள்ளை ஒன்னு செஞ்சிருக்கார், எமன் வந்தாக்கூட கொஞ்சம் உட்காருன்னு சொல்லும்." என் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்த வருடங்களில் அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் கேஸ் சொல்லியாச்சா, குழாய்க்காரன் வந்தானா என்பதுதான். தங்கை அப்போது நிறைமாதம். சாப்பாட்டு மேஜையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, உன் ஆமை பாவம், இப்ப என்ன பண்ணுது?" என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சின்ன வயதிலிருந்து எதையும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள். கல்யாணத்துக்குப் பிறகு வாசல் மணி அடித்தால் அவரைப் பார்க்கத்தான் ஓடினாள். அவள் சிரிப்பு எனக்குப் பிடிக்கும், அன்று பிடிக்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் கணினியைப் பூட்டாமல் டீக்கடைக்குப் போகிற பழக்கம் உண்டு. ஒரு மதியம் அவர் போன நேரத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். பதில் வராத வங்கிக்கு நேரே மஞ்சளுக்குப் பதிலாக 'இருப்பு இல்லை' என்று வரும்படி. என் கணினியிலிருந்து செய்திருந்தால் மாற்றியவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் விழுந்திருக்கும். அது பொருத்தமாக இருக்காது என்று பட்டது.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் ஒரு பழைய வங்கி இருக்கிறது. அவர்களுடைய சர்வர் மெதுவாகத்தான் பேசும், ஆனால் ரத்தம் எப்போதும் வைத்திருப்பார்கள். அங்கே இருப்பதை எங்கள் திரை இல்லை என்று சொல்லும், ஒரு நாள் யாராவது அதைக் கண்டுபிடிப்பார்கள், புகார் வரும். எல்லோரிடமும் ஒரே நேரத்தில் கத்திக் கேட்டால் மெதுவாகப் பேசுகிறவன் குரல் காதில் விழாது என்று அப்போது புரியும். நான் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

புகார் வரவில்லை. திரையின் மீது அவ்வளவு நம்பிக்கை வந்து, போன் போடுகிற வழக்கமே நர்ஸ்களிடம் போய்விட்டிருந்தது. ரத்தம் கிடைக்கவில்லை என்று சில நோயாளிகளை வெளியூருக்கு அனுப்பினார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. அது எங்கள் பிரிவின் வேலை இல்லை.

பிறகு தங்கைக்குப் பிரசவம். காலையிலேயே குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, நல்ல எடை. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுடையது லேசில் கிடைக்காத வகை. மருத்துவமனையில் இருந்ததையெல்லாம் ஏற்றியாகிவிட்டது. தலைமை நர்ஸ் பொத்தானை அழுத்தினார். வரிசையாக எல்லாம் 'இருப்பு இல்லை'.

மாப்பிள்ளை எங்கள் அறைக்கு ஓடி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. "மச்சான், எல்லாமே இல்லைன்னு காட்டுது. எங்கயாவது இருக்கும் மச்சான், ஏதாவது பண்ணுங்க. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

"உட்காருங்க மாப்பிள்ளை. பழையதை ஓட்டிப் பார்க்கிறேன்" என்றேன்.

அவர் வந்து என்னிடம் கேட்டது எனக்கு நிறைவாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை.

நீங்கள் இப்போது கேட்கப்போவது எனக்குத் தெரியும். ஆம், அக்கரை வங்கியின் போன் எண் எனக்கு மனப்பாடம். எடுத்துப் போட்டிருந்தால் அந்த நிமிடமே தெரிந்திருக்கும். ஆனால் போனில் கண்டுபிடித்தால் அது போனின் பெருமை சார். இரண்டு முறைகளில் எது சரி என்பது அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் என்னுடையதை ஓடவிட்டேன். முதல் வங்கி இல்லை என்றது. இரண்டாவது இல்லை என்றது. மூன்றாவது வங்கியின் சர்வர் அன்று படுத்துக் கிடந்தது. என் புரோகிராமில் கெடு எதுவும் கிடையாது, பதில் வரும்வரை நிற்கும். நின்றது. நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன். அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகச் சொல்லியிருக்கலாம். அப்படிப் பாதியில் விட்டுப் போனால் அவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

மாப்பிள்ளை மேலே ஓடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தார். "வந்துடுச்சா மச்சான்?"

"வரும்."

மூன்றாவது ஒருவழியாக எழுந்து இல்லை என்றது. மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. கடைசியில் அக்கரை வங்கி. இருப்பு இருந்தது, தேவைக்கு மேலேயே. நான் படியேறிப் போய்ச் சொன்னேன். தலைமை நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாப்பிள்ளை சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்டவன் என்று என்னை நினைப்பீர்கள். எனக்கும் துக்கம் இருக்கிறது. அவள் என் கூடப் பிறந்தவள். அவரோ வந்து சேர்ந்தவர்.

மறுநாளே அவர் அந்த வரியைக் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் அவர் பெயர். "எப்ப எழுதினேன்னு ஞாபகம் இல்ல மச்சான். என் பேர் இருக்கு, நான்தான் எழுதியிருக்கணும்" என்று சொல்லிவிட்டு நேரே உங்களிடம் வந்தார். விஷயம் அத்தோடு முடிந்தது என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

ஆனால் வீட்டில் நடப்பதைப் பார்த்தீர்களா? பெற்ற மகளைப் பறிகொடுத்த அம்மா, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "பண்ணின தப்பை ஒத்துக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?" என்று அழுகிறாள். தலைமை நர்ஸ் அவருக்காகச் சாட்சி சொல்ல வருகிறாராம். மேலாளர் சொந்தப் பொறுப்பில் வக்கீல் வைத்திருக்கிறார். செய்யாத தப்புக்கும் அவரைத்தான் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். என்னை ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

அவரை அனுப்பிவிடுங்கள் சார். அந்த வரி என்னுடையது. ரத்தம் எங்கே இருக்கும் என்று தெரிந்தே போனை எடுக்காமல் இருந்தவன் நான். தங்கையைக் கொன்றவன் நான் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்குக் கீழே இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். அன்று ரத்தம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தது அவருடைய புரோகிராம் இல்லை, என்னுடையது.