மேக்ரோ பரீட்சை

"ஹலோ... ஆமா, இது அவ ஃபோன்தான். பேசறது அவளோட அண்ணன்... ஆமாங்க, கூடப்பொறந்த அண்ணன்தான். இன்டர்நேஷனல் பாலிசி மேல்படிப்பு ஆபீஸ்தானே?... ம், ம். அவ சீட்டைக் கேன்சல் பண்ணிடுங்க."

தங்கையிடமிருந்து பிடுங்கிய கைபேசி அவனுடைய கிரீஸ் கையில் வழுக்கியது. அவன் குரல் உயர்ந்ததுமே பட்டறை மெக்கானிக்குகள் இருவரும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அவன் கோபத்துக்கு அங்கே அத்தனை மரியாதை.

"ஏன்னா... அவ படிச்சது சரித்திரம். உங்க படிப்புக்கு எகனாமிக்ஸ் ரெண்டு பேப்பர் பாஸாகியிருக்கணும். சரியா?... ஆமா ஆமா, மைக்ரோ முடிச்சுட்டா. மேக்ரோ பரீட்சையில பாதியில காணோம்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? அப்புறம் என்ன பேச்சு? என் பட்டறைப் பார்ட்னருக்கு அவளைக் கட்டித் தரேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் மேடம். தூக்குங்க சீட்டை!"

கையிலிருந்த இரும்புக் கம்பியால் பக்கத்து டிரம்மில் ஓங்கி அடித்தான். மேலே, மாடி அறைக்குள்ளிருந்து பதிலுக்குக் கதவை உதைக்கும் சத்தம் வந்தது.

"என்னது?... பாடம் புரியாம ஓடிப்போயிருப்பாளா? யாரைப் பார்த்துச் சொல்றீங்க? பரீட்சைக்குப் பயந்து ஓடினவங்க எங்க வீட்டுலயே கிடையாது! நான் படிக்கவே போகலை, அது வேற... அவ எழுதியிருந்தா முதல் மார்க்கு!"

பள்ளிக்கூடத்தில் அவள் வாங்கிய ஒவ்வொரு பரிசையும் பார்ட்னரிடம் காட்டிக் காட்டி நெஞ்சை நிமிர்த்தியவன் அவன். அந்த நெஞ்சில் யாரோ ஒரு ஆபீஸ்காரி குத்துவதா?

"நான்தாங்க இழுத்துட்டு வந்தேன்! தண்ணி குடிக்க வெளியே வந்தா. வராந்தாவுலயே முடியைக் கொத்தாப் பிடிச்சு வேன்ல தூக்கிப் போட்டேன். கத்தினா. வாயிலயே ஒண்ணு விட்டேன், உதடு கிழிஞ்சு ரத்தம்... இப்பவா? மாடியில பூட்டி வச்சிருக்கேன். உதைக்கிறா பாருங்க, கேக்குதா? ஏய், காலை ஒடிச்சுடுவேன்! கம்முனு கிட!... இல்ல, உங்களைச் சொல்லலை."

பெருமையாகத்தான் சொன்னான். அந்தப் பக்கம் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"ஹலோ?... ம்... ம். மெதுவா சொல்லுங்க... பலவந்தமாக் கூட்டிட்டுப் போயிருந்தா, மறுபரீட்சையா? அதெப்படி? சீட்டு அதுவரைக்கும் அவளுக்கே நிக்குமா?... அதுக்குச் சாட்சி வேணும்ல? நான் கதவைத் திறந்தாத்தானே அவ வந்து சொல்லுவா!... என்ன... நான் சொன்னதா?"

கம்பி தரையில் விழுந்தது. லாரிக்கு அடியிலிருந்து இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன.

"ரெக்கார்டா?... இந்த லைன்ல பேசறது எல்லாமா? அழிச்சுடுங்க மேடம்... அம்மா, நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன். அடிக்கவே இல்லை, லேசாத் தட்டினேன்... போலீஸ் எதுக்கு? எங்க விலாசம் உங்களுக்கு எப்படி... ஐயோ, இருங்க, வைக்காதீங்க! அவ ஒண்ணும் எழுதித் தர வேண்டாமா? நான் சொன்னதே போதுமா?... ஹலோ?... ஹலோ!"