எட்டு மடிப்பில் ஒரு வெட்டு

— மாட்டேன்னா மாட்டேன்தான் அத்தான். குரா அக்கா துணியில நான் கத்திரி வைக்க மாட்டேன். அவ செத்து நாலு மாசம் ஆனா எல்லாம் ஆறிருமா?

— உன்னை விட்டா யாரு இருக்கா பாய்ரு? துணிய மடிச்சுப் பூ வெட்டி இன்னொரு துணி மேல தெக்கிற திவைவைப் போர்வைய இந்த மௌக்கே தீவுல வெட்டத் தெரிஞ்ச கை உன் கை ஒண்ணுதான். பக்கத்து வீட்டு ரிமா கொழந்தைக்கு நெஞ்சுல ஓட்டை. ஆக்லாந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், பணம் சேக்கணும். பரிசுன்னு ஒரு போர்வை இருந்தாத்தானே கோயில்ல குலுக்கல் சீட்டு விக்கும்? உங்கக்கா இருந்திருந்தா அவளே துணியத் தூக்கிக் குடுத்திருப்பா.

— யாரு, அவளா? கேட்டுக்குங்க அத்தான். எம்மகன் தெரேவ கடல் கொண்டு போன அன்னைக்கு ஊரே ஆளுக்கொரு போர்வை கொண்டாந்துச்சு, எம்புள்ளையப் போத்திக் குழிக்குள்ள அனுப்ப. எங்களோட பேச்சுவார்த்தை இல்லாதவகூட கொண்டாந்தா. கூடப் பொறந்தவ கைய வீசிக்கிட்டு வந்து நின்னா.

— பதினேழு வருசமாச்சு, தாயி.

— எனக்கு நேத்து. "சொந்தப் பெரியம்மா ஒரு முழத் துணி போடல"ன்னு இன்னைக்கும் சந்தையில பேசறாளுக.

— ஆண்டவர் பார்த்துக்குவாரு…

— எல்லாத்தையும் ஆண்டவர் தலையில போட்டுட்டு நழுவுங்க. கோயில் டீக்கன் ஆனதுலேருந்து இதே பாட்டு.

— என்னையத் திட்டு, வாங்கிக்கறேன். கொழந்தை உனக்கு என்ன பண்ணுச்சு?

— …செவப்பு நல்ல செவப்புதான். சாயம் போகாத ரகம். எத்தனை வருசமா பூட்டி வெச்சிருந்தாளோ மகராசி. இதை வெட்டி எது மேல தெக்கிறது? வெள்ளை எங்க?

— பெட்டியில அந்த ஓரத்துல பாரு. ஏய், அடியில இருக்கற மூட்டைய விட்டுரு.

— ஏன், அதுல பொன்னா இருக்கு?

— விடு புள்ள. யாருக்கும் காட்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா.

— அப்பக் கண்டிப்பாப் பார்க்கணும்… என்ன அத்தான் இது? ஏற்கெனவே வெட்டின துணி. சின்னப் புள்ளை அளவு. செம்பருத்தி. ஐயையோ, காம்பு அறுந்து கெடக்கே! இங்கயும். இந்தா, இங்கயும். எட்டுப் பூவும் அறுந்து கெடக்கு.

— எட்டா மடிச்சு வெட்டுனா அப்படித்தானே? கத்திரி நழுவுனது ஒரு தடவைதான்.

— யாரு வெட்டுனா?

— யாரு வெட்டுவா? அன்னைக்குக் காலையில தெரே உடம்பு கரைக்கு வந்துச்சு, சாயங்காலம் அடக்கம். வெட்டத் தெரிஞ்ச நீ மகனை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருக்க. உங்கிட்ட வந்து, "எந்திரி, உம்மகனுக்குப் போர்வை வெட்டு"ன்னு சொல்ல முடியுமா? உங்கக்காவே வெட்டுனா. அவ வெட்டுன முதல் துணி அதுதான். வீட்ல வேற துணியும் கெடையாது.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! பதினேழு வருசம் அத்தான்!

— "எங்கக்கா கை மண்வெட்டிக்குத்தான் லாயக்கு"ன்னு ஊரு முன்னால சிரிச்சது யாரு? "கருமின்னு பேரு வாங்கிட்டுப் போறேன், புள்ளை போர்வையக் கெடுத்தவன்னு அவ என்னைப் பார்க்க வேணாம்"னா. அப்புறம் கப்பல் வரும்போதெல்லாம் துணி வாங்கினா. பெட்டி நெறைஞ்சுது. ஒண்ணுலயும் கத்திரி வெச்சதில்ல.

— பாவி. என்னைப் பாவியாக்கிட்டுப் போயிட்டாளே.

— அழாத பாய்ரு.

— அந்தச் செவப்பை விரிங்க. மடிச்சு முனையக் கெட்டியாப் பிடிங்க. கொழந்தை போயிப் பொழைச்சு வரட்டும்.

— கொஞ்சம் ஆறிட்டு வெட்டு.

— வேணாம், இப்பவே வெட்டுறேன்.

— அவளுக்கு உம்மேல வருத்தமே இல்ல. அவ அடக்கத்துக்கு நீ வந்தியே, எல்லாருக்கும் முன்னால நின்னியே. அவளுக்கு அது போதும்.

— போதாது அத்தான். அக்காவுக்குன்னு ஒரு போர்வை தெச்சு, அன்னைக்கு உங்க வேலி வரைக்கும் கொண்டாந்தேன். அப்புறம் வேணும்னே திரும்பிப் போயி, அதை வீட்ல போட்டுட்டு, வெறுங்கையோட வந்து நின்னேன்.