அலறல் முதலில்

பனங்கற்கண்டை வாயில் போட்டதும் கடிக்கக் கூடாது. தானாகக் கரைய விட வேண்டும். சுடர்விழிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அவள் வரும் நாளெல்லாம் ஒரு டப்பா நிறையப் பனங்கற்கண்டும் பிளாஸ்கில் வெந்நீரும் எடுத்து வைத்திருப்பேன். நான் சொல்லும் மற்றதை எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுக்கோட்டையில் நாங்கள் ஒரு வீடியோ கேம் செய்தோம். கட்டுமாவடி மீன்காரி மூக்காயி, அரிவாள்மணையோடு கடல் பூதங்களை எதிர்ப்பாள். முதலாளி அறிவுமதி என் கல்லூரித் தோழன். யார் குரல் கொடுப்பது, எந்த நாள், எந்த வரி முதலில் என்பதை முடிவு செய்வது என் வேலை.

மூக்காயிக்கு முதலில் பேசியவள் என் மனைவி நான்சி. நடிகை கிடைக்கும்வரை வாயசைவைச் சரிபார்க்க ஏதோ ஒரு குரல் வேண்டும், அவ்வளவுதான். ஜலதோஷத்தோடு பேசினாள். பூதத்துக்குப் பதில் நான் எதிரே நின்றேன். "ஒன்னைய வகுந்து கருவாடு போட்டுருவேன்டா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். "இத யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. எங்க ஊரு ஆவூர்ல நான் தலைகாட்ட முடியாது."

அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனாள்.

நடிகை பேசி முடித்ததும் தற்காலிகக் குரலை அழித்துவிடுவார்கள். அதனால் யாரும் பேசி முடிக்கக் கூடாது என்று நினைத்தேன். இதில் நியாயமில்லாதது என்ன என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ஸ்டுடியோவுக்குக் கீழே கல்யாண மண்டபம். திருச்சியிலிருந்து வந்த பெண்ணுக்கு முகூர்த்த நாளாகப் பார்த்துக் கொடுத்தேன். பூதம் விழும் இடத்தில் கெட்டிமேளம் பதிவாயிற்று. "பூதத்துக்கு யாருடா பொண்ணு குடுத்தது?" என்று அறிவுமதி கேட்டான். மதுரைப் பெண்ணுக்கும் முகூர்த்த நாள்தான். அவள் கீழே போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டாள்.

மூன்றாவதாக வந்த சுடர்விழி அப்படிப் போகிறவள் இல்லை. ஆவுடையார்கோவிலில் எல்.கே.ஜி. டீச்சர். மேளம் ஓயும்வரை காத்திருந்து பேசுவாள். நான்சியைவிட நன்றாகப் பேசினாள். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்த வேலையில் ஒரு முறை உண்டு. அடி வாங்குவது, மூச்சு முட்டுவது, சாவது எல்லாவற்றையும் கடைசியில் பதிய வேண்டும். அலறினால் தொண்டை போய்விடும். பிறகு ஓய்வு தர வேண்டும். நான் அலறலை முதலில் வைத்தேன். ஓய்வு தரவில்லை. பள்ளிக்குக் கோடை விடுமுறை, அவளுக்கும் வசதியாக இருந்தது. மூக்காயி தீயில் சாவது, நீரில் சாவது, சுறா கடித்துச் சாவது. பூதம் மிதித்துச் சாவது முதல் தடவையே சரியாக வந்தது. மறுபடி கேட்டேன், மறுபடியும் கேட்டேன்.

"இன்னும் எத்தன சாவுண்ணே மிச்சம்?" என்று சிரிப்பாள்.

வலிக்கிறது என்று சொன்னாள். வெந்நீர் கொடுத்தேன்.

வசனத்துக்கு வந்தபோது வெறும் காற்றுதான் வந்தது. கேம் வெளிவரும் நாளோ நெருங்கிவிட்டது. அறிவுமதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மாப்ள, நான்சி பேசுனதையே வச்சுருவோமா? ஒனக்குக் கஷ்டமா இருக்காதுல்ல?"

யோசிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுச் சரி என்றேன்.

சுடர்விழியின் குரல்நாணில் தழும்பு விழுந்துவிட்டது என்கிறார் டாக்டர். பழைய குரல் திரும்பாது. பள்ளியில் வேறு டீச்சர் வந்துவிட்டார். போன வாரம் என்னைப் பார்க்க வந்தாள். அவள் சொன்னதைக் கேட்க நான் குனிய வேண்டியிருந்தது. "எல்லாரும் வேல வாங்குனாங்க. நீங்க மட்டுந்தாண்ணே என்னையப் பாத்துக்கிட்டீங்க."

உண்மைதான்.

நான்சியின் வசனங்களைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாதிதான். நான்சி வசனம் மட்டும்தான் பேசியிருந்தாள். மூக்காயி ஆட்டத்தில் அடிக்கடி சாவாள், அதற்கு ஒரு குரல் தேவைப்பட்டது. சுடர்விழியின் அலறல்கள் அத்தனையும் நல்ல பதிவுகள். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். நீங்களே விளையாடிப் பாருங்கள். நான்சி பேரம் பேசுகிறாள், ஏசுகிறாள், சிரிக்கிறாள். பூதம் மிதிக்கும்போது சாவது சுடர்விழி.

நான்சி ஒரு தடவைகூடச் சாகவில்லை.