கீழ்க்கோடு துடிக்கிறது

— அப்பா, அம்மாவ எழுப்புங்க. இப்பவே கீழ எறங்கணும்.

— மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போன மாசம் நீ போட்ட கூச்சல்ல தெருவே வெளிய வந்து நின்னுச்சு. ஒண்ணும் நடக்கல. இன்னும் என்னைப் பாத்தா, "என்ன பூகம்பத்தோட அப்பா, இன்னிக்கு வீட்டுக்குள்ள படுக்கலாமா?"ன்னு நக்கல் பண்றானுங்க.

— பண்ணட்டும். உங்க கட்டிலுக்கு அடியில நில அதிர்வு பாக்குற பெட்டி ஒண்ணு வச்சுட்டு வந்தேன்ல, இங்க திரையில அதோட கோடு துடிக்குதுப்பா. காலையில விட்டு விட்டு வந்துச்சு. இப்ப விடாம வருது.

— கீழ்வீட்டுல துணி தொவைக்கிற மிஷின் ஓடும்.

— மிஷின்னா ஒரே சீரா வரும். இது பாறை வெடிக்கிற துடிப்பு. ஊருக்கு அடியில பூரா பழைய சுரங்கம். அந்த மருந்துக்கடை ஷட்டரோட பூமிக்குள்ள போச்சே, மறந்துட்டீங்களா?

— அத ஏம்மா ஞாபகப்படுத்துற.

— அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் துடிச்சிச்சாம். சார் பாடத்துல காட்டுனாரு.

— உங்க சார் எங்க?

— மேல வகுப்புல இருக்காரு. போன எடுக்கல. காலேஜ் நிலவறையில நான் மட்டுந்தான்.

— இங்க டம்ளர்ல தண்ணி கூட அசையலயே கண்ணு.

— உங்களுக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரியும்.

— உங்கம்மா கால்ல கம்பி வச்சு இன்னும் கட்டே பிரிக்கல. மூணு மாடி. லிப்டும் கெடையாது. தூக்கிட்டு எறங்கி, நான் வழுக்குனேன்னு வையி, அவ பொழைக்க மாட்டா. உன் பெட்டி பழுதா இருந்தா?

— சரி, பாத்துடலாம். பெட்டி பக்கத்துல ஓங்கிக் குதிங்க. கோட்டுல பெரிய முள்ளு மாதிரி எந்திரிக்கணும். கீழ்க்கோடு நம்ம வீடு. மேல்கோடு இந்த நிலவறையில இருக்கிற இன்னொரு பெட்டி, அது நூல் புடிச்ச மாதிரி கெடக்கு.

— இந்த வயசுல குதிக்கச் சொல்றா பாரு. இருடி, உம்மகதான் பேசுறா, நீ அசையாத... இந்தா, குதிச்சிட்டேன். தெரியுதா?

— இன்னொரு தடவ.

— மூட்டு கழண்டுடும் போல. ம்... குதிச்சாச்சு. தெரியுதா இல்லயா?

— தெரியுது.

— அப்ப பெட்டி நல்லாத்தான் இருக்கு. சரி, நான் அவளத் தூக்குறேன். நீ பதறாத. நீயாச்சும் பத்திரமா இருக்கியே, அது போதும் எனக்கு.

— அம்மாவத் தூக்காதீங்கப்பா.

— ஏன்? நின்னுடுச்சா?

— ரெண்டு பெட்டியும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். மாத்தி எடுத்துட்டு வந்து வச்சுட்டேன் போல. நீங்க குதிச்சது மேல்கோட்டுல விழுந்துச்சுப்பா.