இன்னும் இருபத்தொரு ஞாயிறு

ஒரு தொடர்கதையை வாரக்கணக்கில் காத்திருந்து வாசித்திருக்கிறீர்களா? இப்போது யாரும் அப்படி வாசிப்பதில்லை. நான் வாசித்தேன். நாற்பத்தெட்டு வயதில், ஹம்பேர்க்கில், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு இதழ் மட்டும்.

பழைய சாமான் சந்தையில் அவை கிடைத்தன. ஆங்கிலேயப் பையன்களுக்கான சாகசச் சித்திரக்கதை இதழ்; 1957ஆம் ஆண்டின் ஐம்பத்திரண்டு வாரமும் குறையாமல் இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கே நின்ற பிரித்தானியப் பட்டாளத்துக் குடும்பம் ஏதாவது விட்டுப் போயிருக்கும். முதல் பக்கத்தில் ஒரு விமானி. நடுப் பக்கத்தில் ஆற்று வழியே புதையல் தேடிப் போகும் இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். இதே இதழில் நாலைந்து, யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட நூலகத்தில் கிடந்தன. கதை எங்கே தொடங்கியது, எப்படி முடிந்தது என்று தெரியாமலே நான் வளர்ந்தேன்.

ஸ்ரீஸ்கந்தராஜாவும் அப்படித்தான். அதே பள்ளிக்கூடத்தில் எனக்கு மூன்று வகுப்புக் கீழே படித்தவர். தம்பியை வெள்ளை வான் வண்டியில் கடத்திக்கொண்டு போனவர்கள் அடுத்ததாக அவரைத் தேடி வந்ததால், 2005 கடைசியில் இங்கே வந்து அகதி விண்ணப்பம் போட்டிருந்தார். அவர் இருந்த விடுதியில் நாற்பது பேருக்கு ஒரே தபால் பெட்டி. கடிதங்கள் காணாமல் போகும். அதனால் எங்கள் ஆட்கள் பலர் செய்வது போல அவரும் தெரிந்தவர் விலாசத்தைக் கொடுத்தார். என்னுடைய விலாசம். என் பெட்டியில் என் பெயருக்குக் கீழே அவர் பெயரை ஒட்டினேன். அவருக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது.

ஞாயிறு பதினொரு மணிக்கு என் அறைக்கு வருவார். நான் வாசிப்பேன், அவர் படம் பார்ப்பார்.

“அண்ணை, இதிலை எங்கடை நிறத்து ஆக்கள் பெட்டி தூக்கத்தான் வருகினம், கவனிச்சியளோ?”

“கதையைப் பாரும்.”

“கதையைத்தான் பாக்கிறன். ஒருத்தன் முதலை வாய்க்குள்ளை போயிட்டான். இந்தப் பெடியள் ரெண்டும் அவன் தூக்கின பெட்டியையெல்லோ தேடுறாங்கள்.”

இருவரும் சிரித்தோம். அந்த அறையில் பதினாறு வருடமாக நான் இருந்தேன். வேறொருவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

முப்பத்தோராவது இதழ் முடிந்த அன்று சொன்னார்: “வழக்கு வெண்டால் கொலோனுக்குப் போயிடுவன் அண்ணை. சிவகௌரியின்ரை தங்கச்சி கிரிஜா அங்கை வேலை பாத்து வைச்சிருக்கிறா. பிறகு சிவகௌரியையும் கூப்பிடலாம்.” சிவகௌரி அவர் மனைவி.

“மிச்சப் புத்தகங்கள்?”

“தபாலிலை அனுப்புங்கோவன்.”

இன்னும் இருபத்தொரு இதழ் இருந்தன.

அடுத்த புதன்கிழமை அவர் பெயருக்கு மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. மஞ்சள் உறை என்றால், தபால்காரர் அதன்மேல் தேதி எழுதிப் பெட்டியில் போட்ட நாளிலிருந்து கெடு ஓடும். திறந்து வாசித்தேன். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. இரண்டு வாரத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நான் நிதானமாக யோசித்தேன். வழக்கில் வென்றால் கொலோனுக்குப் போய்விடுவார். கெடு தவறினால் தற்காலிகமாக இருக்க விடும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஹம்பேர்க்கை விட்டு வெளியே போக முடியாது. தமிழரைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள் என்று அப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைகளில் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானே அந்தத் தாளோடு நான்கு வருடம் இருந்தவன். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவருக்கும் சில மாதங்கள், அவ்வளவுதான்.

கடிதத்தை அலுமாரியில் மடித்து வைத்த துவாய்களுக்குக் கீழே வைத்தேன்.

“கடிதம் ஏதும் வந்ததோ அண்ணை?”

“இல்லை. இவங்கள் ஆறுதலாத்தான் அனுப்புவாங்கள்.”

“வந்தால் ரெண்டு கிழமைக்குள்ளை கொண்டு வரச் சொன்னவர் வக்கீல்.”

“தெரியும். சாப்பிடும்.”

அன்று கெடு முடிய மூன்று நாள் இருந்தது. அவர் மெலிந்து போயிருந்தார். புட்டும் மீன்குழம்பும் இன்னொரு தடவை போட்டேன்.

நாற்பதாவது இதழ் வாசித்த மறுநாள், திங்கட்கிழமை, விண்ணப்பம் போட்டபோது கொடுத்த தாளைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனார். அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். மத்தியானம் எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“அண்ணை, வியாழக்கிழமை பிளேனிலை ஏத்தப் போறாங்களாம். ஏதோ கடிதம் எண்டுறாங்கள், எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா இவரோடை கதையுங்கோ.”

அதிகாரி மரியாதையானவர். அந்தக் கடிதம் உண்மையில் ஸ்ரீஸ்கந்தராஜா கைக்குக் கிடைத்ததா என்று கேட்டார்; கிடைக்கவில்லை என்றால் வக்கீல் இன்றே மனுப் போடலாம் என்றார். இல்லை என்று சொன்னால் அது எங்கே போனது என்று கேட்பார்கள். கிடைத்தது, வந்த அன்றே அவரிடம் கொடுத்தேன் என்றேன். நல்ல ஜேர்மனில் சொன்னேன். ஸ்ரீஸ்கந்தராஜா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை வாங்கி, “பெரிய உதவி அண்ணை” என்றார்.

கடிதத்தை ஒளித்தது நான். பொய் சொன்னதும் நான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அவருக்கு நான் ஒரு கெடுதலும் நினைக்கவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்மேல் என்னைப் போல அக்கறை வைத்தவர் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

வியாழக்கிழமை அவரை ஏற்றினார்கள்.

மறுநாள் காலை சிவகௌரி கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து தொலைபேசி எடுத்தா. பிளேனில் வந்த எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அவரை மட்டும் இரண்டு பேர் பக்கத்து வாசலால் கூட்டிக்கொண்டு போனதை ஒருவர் கண்டாராம் என்று சொன்னா. பதற வேண்டாம், நான் இங்கே விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.