இரண்டாயிரம் கெண்டைக் குஞ்சுகள்

— குடத்தை இறக்கு அன்னக்கொடி! கம்மாய்க்குள்ள ஒரு சொட்டு விழுந்துச்சு, போலீசைக் கூப்பிட்டுருவேன்!

— கூப்பிடுங்க நூருல் அமீன் ராவுத்தரே. திருப்பரங்குன்றம் ஸ்டேசன் நடக்குற தூரந்தான். திரும்பி வர்ற வரைக்கும் இங்கனயேதான் நிப்பேன்.

— உள்ள என்ன துள்ளுது?

— விரால். ஆறு உருப்படி. வில்லாபுரம் கம்மாயில எங்கண்ணன் பேயாண்டி புடிச்சுக் குடுத்துச்சு. இடுப்பு ஒடியச் சொமந்துட்டு வாரேன்.

— விராலா! அறிவிருக்கா ஒனக்கு? குஞ்சைத் திங்கிற சாதி அது. அதை ஒழிச்சாத்தான் கெண்டை வளரும்னு ஊரைக் கூட்டிச் சொன்னேனா இல்லையா?

— சொன்னீக. தலைக்குத் தேய்க்கிற இலுப்பைப் புண்ணாக்கை வண்டி வண்டியாக் கொட்டினீக. மறுநா கம்மாய் பூரா மீனு வயித்தைக் காட்டிக்கிட்டு செத்து மிதந்துச்சு. கோடையில எங்க அடுப்புல கொழம்பு கொதிச்சதே அந்த விராலாலதான். ஒண்ணு மிச்சமில்ல!

— அது ஆராய்ச்சிம்மா! சர்க்கார் மீன் இலாகா சும்மாவா என்னைய அனுப்புச்சு? கோதாவரி ஆத்துக் கெண்டை ஒரே வருசத்துல மூணு சேர் எடை ஏறும். இந்த யுத்த காலத்துல ஊருக்கே சோறு போடும்.

— ஏறட்டும். இங்க முட்டை போடுமா?

— அது வந்து... ஓடுற வெள்ளத்துலதான் போடும். கெடக்குற தண்ணியில போடாது. வருசா வருசம் நாங்க ரயில்ல கொண்டாந்து விடுவோம்.

— விரால் தானாப் பெருகுச்சு, எந்த ரயில்லயும் வரல. அதைக் கொன்னுபுட்டு, வருசா வருசம் ஒங்க ஆபீசு வாசல்ல நாங்க கையேந்தணுமாக்கும்?

— சத்தம் போடாத! உள்ள ரெண்டாயிரம் குஞ்சு இருக்கு. ஆறு விரால் போதும், மொத்தமும் போயிரும்.

— இருக்கா? தண்ணி நெறஞ்சு ஒரு மாசமாச்சு. தெனம் எறங்கி மாடு குளிப்பாட்டுறேன். ஒரு குஞ்சு என் காலைக் கடிக்கலையே! எங்க, வலைய விட்டுக் காட்டுங்க பாப்போம்.

— வலை... இன்னைக்கு வலை இல்ல.

— என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. குஞ்சு எங்க?

— பெஜவாடா ஸ்டேசன்ல பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட்டு நம்ம வண்டி ஒரு நாள் பூரா நின்னுருச்சு. மதுரையில வந்து குஞ்சு இருந்த தகர டின்னைத் தெறக்கேன், அம்புட்டும் செத்து நாறுது. யா அல்லா, நான் என்ன பண்ணுவேன்!

— அட பாவி மனுசா! வெறுங்கம்மாய்க்கா காவல் நிக்கிறீக? மேல சொன்னீகளா?

— ரெண்டாயிரமும் விட்டாச்சுன்னு எழுதி அனுப்பிட்டேன். அடுத்த வாரம் துரை வலையோட வாராரு. என் வேலை போயிரும் அன்னக்கொடி... இரு. இரு. அந்த விராலைக் கொட்டு.

— என்னது?

— கொட்டிரும்மா. கெண்டையப் பூரா விரால் தின்னுருச்சுன்னு சொல்லிக்கிறேன்.

— விரால விட்டது யாருன்னு தொரை கேப்பாரே, எந்தப் பேரைச் சொல்லுவீக? எம்பேரைத்தானே! இந்தாங்க, குடத்தைப் பிடிங்க. ஒங்க கையால நீங்களே கொட்டுங்க.