வாக்குக் கேட்காமலே போன சிற்றம்பலம்

அவைத் தலைவர் பரமலிங்கம் அவர்களே, வவுனியாக் கோட்டில் வழக்குப் பேசுகிற, இன்று அங்கிருந்து பஸ்ஸேறி வந்திருக்கும் அப்புக்காத்து கதிர்காமநாதன் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அன்னபாக்கியம் அக்கா அவர்களே, குளத்துத் தண்ணீர் முதலில் பாயும் வாய்க்கால் தலைப்பில் காணி உள்ளவர்களே, என்னைப்போலக் கடைசிக் காணியில் கிடப்பவர்களே, தாய்மாரே, எல்லாருக்கும் அப்புத்துரையின் வணக்கம்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு நேரமும் நான் மேடையில் தலையைத் தொங்கப்போட்டு இருந்ததைக் கண்டு, பாவம், அப்புத்துரை செத்துப்போன சிநேகிதன் சிற்றம்பலத்தை நினைத்து அழுகிறான் என்று சிலர் உச்சுக்கொட்டினீர்கள். நான் அழவில்லை. நித்திரை. இரவு முழுக்க வயலில் பன்றிக் காவல். "சிற்றம்பலம் கடைசிவரை என் பக்கமே நின்றார்" என்று அவைத் தலைவர் சொன்னபோது ஒருமுறை விழித்தேன். "சிற்றம்பலம் என்றைக்கும் என் பக்கமே" என்று அப்புக்காத்து ஐயா சொன்னபோது மறுமுறை விழித்தேன். அதற்குப் பிறகு நித்திரை வரவில்லை.

அடுத்த மாதம் தேர்தல். அவைத் தலைவரே, அப்புக்காத்து ஐயாவே, நீங்கள் இருவரும் ஒரே ஆசனத்துக்கு நிற்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது எவர் பக்கமும் நிற்காத மனிதன், செத்த பிறகு இரண்டு பக்கமும் நிற்பாரா? எனக்குச் சந்தேகமாக இருக்கிறது! அவருடைய படத்துக்கு ஏன் இன்னும் மாலை போடவில்லை என்று பின்னால் யாரோ குசுகுசுப்பதும் கேட்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சிற்றம்பலம் பீ.ஏ. யார்? நான் சொல்லியா தெரியவேண்டும்? எங்களைப்போலவே யாழ்ப்பாணத்திலிருந்து தகப்பனோடு இங்கே காடு வெட்ட வந்தவர். காடு வெட்டிய கையோடு பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். எங்கள் குடியேற்றத் திட்டத்தின் முதல் பட்டதாரி! என்ன படித்தார்? அரசியல் தலைமை. நானோ மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்கு அது விளங்கவில்லை. வைத்தியம் படித்தால் ஊசி போடலாம். சட்டம் படித்தால் வழக்குப் பேசலாம். தலைமையைப் படித்தவன் என்ன செய்வான்? தலைவராவான்! வேறென்ன செய்வான்?

படிப்பு முடித்துப் புத்தகப் பெட்டியோடு பரந்தன் சந்தியில் இறங்கியவரை, ஜமால்தீன் நானாவின் தேத்தண்ணிக் கடையில் வைத்தே மறித்தேன்.

"என்ன தம்பி, தலைவராகிறதுக்கோ படிச்சனீர்?"

"இல்லை அண்ணை, தலைவர்மாரைப் பற்றிப் படிச்சனான்."

"ரெண்டும் ஒண்டுதானே!"

"எப்பிடி அண்ணை? மாட்டைப் பற்றிப் படிச்ச டாக்குத்தர் மாடாகிறேல்லையே."

கடையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இவ்வளவு நன்றாகக் கதைக்கிறவன் வாக்குக் கேட்காமல் விடுவானா?

அடுத்த கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். எல்லா வீட்டிலும் ஒரே கேள்வி: "ஆர் சொன்னா நீங்கள் கேப்பீங்கள்?" ஊர் கலங்கிப்போனது! இவர் காணிக் கந்தோர் உத்தியோகத்தரா? சீ.ஐ.டி.யா? ஏதும் கட்சி அனுப்பிய ஆளா? வாய்க்கால் கரையில் களவாகக் கத்தரி நட்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் பிடுங்கி எறிந்தார்கள். நானும் பிடுங்கினேன். நல்ல காய்.

ஜமால்தீன் நானா சொன்ன மறுமொழி: "பஸ் கொண்டக்டர் சொன்னாக் கேப்பன் தம்பி. இறங்கெண்டா இறங்கிப்போடுவன்." நான் சொன்ன மறுமொழி: "மனிசி சொன்னாக் கேப்பன். கேக்காட்டில் சோறில்லை." ஆம்பிளைகள் நாங்கள் பகிடி விட்டுத் தப்பினோம். ஆனால் சிற்றம்பலம் குசினிப் பக்கமும் போய்க் கேட்டிருக்கிறார். பெண்கள் பகிடி விடவில்லை. எல்லாரும் ஒரே பேரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவிச்சி அன்னபாக்கியம் அக்கா! எங்கள் பிள்ளைகளை எங்களுக்கு முதல் தூக்கிய கை!

அந்த வருடம், மழையில்லாத காலத்துச் சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. வழக்கம் உங்களுக்குத் தெரியும். குளத்துக் கதவு திறந்தால் தலைப்பில் இருக்கிறவர்கள் பயிர் குளிக்கக் குளிக்கப் பாய்ச்சுவார்கள். கடைசிக் காணிக்கு ஈரமணம் மட்டும் வரும். தண்ணீர் பங்கிடும் போகக் கூட்டத்தில் நாங்கள் அடிபடத் தயாராக வந்திருந்தோம். சிற்றம்பலம் வாயே திறக்கவில்லை. அவருடைய காணியும் தலைப்பில்தான். அதனால்தான் பேசாமல் இருக்கிறான் கள்ளன் என்று நான் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னேன். அப்போது அன்னபாக்கியம் அக்கா எழும்பினா. முதல்நாள் சிற்றம்பலத்தின் சைக்கிள் அவவின் வாசலில் நின்றது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இந்த முறை தண்ணி கடைசிக் காணியிலயிருந்து மேல வரட்டும். ஆருக்குச் சரியில்லையோ, எழும்பி நிண்டு சொல்லுங்கோ. முகத்தைப் பாப்பம்."

யார் எழும்புவார்? அன்றைக்கு விழுந்த முறைதான் இன்றுவரை நடக்கிறது. தானே தலைப்புக்காரனாக இருந்துகொண்டு, கடைசி முறையைச் சிற்றம்பலம் எடுத்தார். அந்த வருடம் அவருடைய பயிர் பாதி கருகியது. நெல் விதைத்த வீட்டில் அவர் மனைவி விமலேஸ்வரி தங்கச்சி கடையில் அரிசி வாங்கிச் சமைத்தா. ஒரு மனிதன் தன் பயிரைச் சும்மா கருக விடுவானா? நான் நம்பவில்லை. இது வாக்குக்குப் போடுகிற தூண்டில் என்று ஊர் முழுக்கச் சொன்னேன்.

தேர்தல் வந்தது. நியமனப் பத்திரம் கொடுக்கிற நாளில், இவர் எப்போது வெள்ளை வேட்டி கட்டி வெளிக்கிடுவார் என்று என் வீட்டுப் படலையில் நின்று பார்த்தேன். மனிதர் மண்வெட்டியோடு வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த தேர்தலும் வந்தது. அப்போதும் வரம்புதான். எனக்குப் பொறுக்கவில்லை, போய்க் கேட்டேன்.

"ஏன் ஐசே வோட்டுக் கேக்கேல்லை?"

"கேட்டாத் தருவீங்களோ?"

"தரமாட்டன்."

"பிறகேன் அண்ணை கேப்பான்?"

அப்படிச் சொல்லிவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நான் நிண்டா, உங்கடை காணிக்கு வாற தண்ணி என்ரை தயவாப் போயிடும். தோத்தா நிப்பாட்டுவன் எண்டு பயப்பிடுவீங்கள். நிக்காட்டில் அது முறை. ஆர் வெண்டாலும் வரும்."

பேராதனையில் படித்தது இதைத்தானா? எனக்குத் தெரியாது.

நெஞ்சு நோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அவருக்கு வாய்க்கால் நினைவுதான். "அண்ணை, தலைவர்மாரிட்டை வீட்டை போய்த் தனியக் கேக்காதேங்கோ. தனிய எல்லாத்துக்கும் ஓம் எண்டுவினம். சனத்துக்கு முன்னால கேளுங்கோ. நான் படிச்ச படிப்பு அவ்வளவுதான்" என்றார். அதுதான் அவர் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

ஆகவே, பெரியோர்களே, சனத்துக்கு முன்னால் கேட்கிறேன்! வருகிற கிழமை குளத்துக் கதவு திறக்கிறார்கள். குளத்தில் தண்ணீர் இந்த முறையும் குறைவு. அவைத் தலைவருக்கும் தலைப்பில் காணி. அப்புக்காத்து ஐயாவுக்கும் தலைப்பில் குத்தகைக்கு விட்ட காணி. சிற்றம்பலம் போய்விட்டார், இனி முறை பழையபடி மாறும் என்று ஒரு கதை உலாவுகிறது. அந்தக் கதை எந்தத் தலைவரின் வீட்டு வளவிலிருந்து புறப்பட்டது என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு வளவிலிருந்தும் புறப்பட்டது.

என் பக்கம் நின்றார், என் பக்கம் நின்றார் என்றீர்களே! தண்ணீர் கடைசிக் காணியிலிருந்துதான் வரும் என்பதற்குச் சம்மதமானவர்கள் கையைத் தூக்குங்கோ. மேடையிலிருந்து தொடங்குவோம்.

அப்புக்காத்து ஐயா தூக்கிவிட்டார். நன்றி. அவைத் தலைவரின் கை பாதிவழியில் நிற்கிறது. ஐயா, அது சம்மதமா, காது சொறிவா? அன்னபாக்கியம் அக்கா, உங்களுக்குத் தலைவரின் கை தெரிகிறதா? "தெரியேல்லை" என்கிறா. இன்னும் கொஞ்சம் ஐயா. இப்போது தெரிகிறதாம். அப்படியே இருக்கட்டும். இனி நீங்கள் எல்லாரும்! ஆ, தலைப்புக்காரர்களும் தூக்குகிறார்கள். விமலேஸ்வரி தங்கச்சி, நிமிர்ந்து பாரம்மா. இதை உன் மனுசன் ஒருநாளும் எங்களிடம் கேட்டு வாங்கவில்லை.

சிற்றம்பலம் மேல் எனக்கு இன்னும் சந்தேகம்தான். ஒன்றுமே கேட்காமல் போன மனிதனை நான் என்ன செய்வது? கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு, பிறகு நிம்மதியாகத் திட்டியிருப்பேனே! அதற்கும் வழி வைக்காமல் போய்விட்டாயே தம்பி! நீ எடுத்த கடைசி முறையை இந்தப் போகம் தொடங்கி உன் காணியில் நாங்கள் மாறிமாறி நின்று பாய்ச்சுவோம். உன் பயிர் கருகாது. உன் வீட்டில் கடையரிசி வேகாது. இது இந்தச் சபையின் வாக்கு. நீ கேட்காமலே தருகிறோம்.

இனி மாலை விசயம். படத்துக்குப் போட வவுனியாவில் கட்டுவித்த மாலை இன்று காலை பஸ்ஸில் பரந்தனுக்கு வந்தது. அதே பஸ்ஸில் அப்புக்காத்து ஐயாவும் வந்தார். மாலையை எடுக்கப்போன ஜமால்தீன் நானா, பஸ்ஸிலிருந்து வெள்ளை வேட்டி ஒன்று இறங்குவதைக் கண்டு, கைப்பழக்கத்தில் போட்டுவிட்டார். ஐயாவும் குனிந்து ஏற்றுக்கொண்டார். இப்போதும் அவர் கழுத்தில்தான் இருக்கிறது. படத்தின் அளவுக்குக் கட்டச் சொன்னது என்பதால், அவருக்குக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.